நிக்கோர் 105 மி.மீ. எஃப் 2.5: கையில் இருப்பது எந்த வகை?

நிக்கோர் 105 மி.மீ. எஃப் 2.5 என்ற பெயரில் நிக்கான் கேமராக்களுக்கு 1959இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக லென்ஸ் வந்துகொண்டிருந்தது. முகப்படம் எடுக்க இதைவிடப் பேர் வாங்கிய லென்ஸ் 35 மி.மீ. உலகில் அதிகம் இல்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. உள்ளே இருக்கும் கண்ணாடி 1971இல் முழுக்க மாறியது. கேமராவோடு சேரும் பகுதி, அதாவது மவுண்ட், 1977இல் மாறியது. இடையில் கண்ணாடிமேல் போடும் பூச்சான கோட்டிங் மாறியது, வெளிக்கூடு மாறியது. விற்பவர் பலருக்கு இந்த வேறுபாடுகள் தெரிவதில்லை. தெரிந்த சிலர், எல்லாவற்றையும் ஒரே லென்ஸ் போலச் சொல்லி விற்கிறார்கள்.

இதில் முதலில் மனதில் வாங்க வேண்டியது, கண்ணாடி வேறு, மவுண்ட் வேறு என்பது. கண்ணாடிதான் படத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. மவுண்ட்தான் உங்கள் கேமராவில் அது பொருந்துமா, பொருந்தப் போய் எதையாவது உடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகித்தால் ஏமாந்துபோவீர்கள். 1965இல் செய்த லென்ஸில் 1977க்குப் பிந்தைய அபர்ச்சர் வளையம் (ஒளி நுழையும் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் வளையம்) ஏறியிருக்கலாம். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துத் தீர்க்க வேண்டும்.

முதலில், இது அந்த லென்ஸ்தானா?

நிக்கான் 105 மி.மீ. அளவில் வேறு லென்ஸ்களும் செய்திருக்கிறது. எஃப் 4 மைக்ரோ, எஃப் 2.8 மைக்ரோ, 1981இல் வந்த எஃப் 1.8, ஆட்டோஃபோகஸ் காலத்து எஃப் 2 டி.சி. ஆகியவை சந்தையில் அடிக்கடி கண்ணில் படும். முன்வளையத்தில் 1:2.5 என்று இருக்க வேண்டும், ஃபில்டர் திருகு 52 மி.மீ. இருக்க வேண்டும். மைக்ரோ எஃப் 4க்கும் 52 மி.மீ. ஃபில்டர்தான் என்பதால் திருகு அளவை மட்டும் நம்ப வேண்டாம். 1:2.5 என்ற எண்ணே சாட்சி.

இன்னொரு குழப்பம் மவுண்ட் வழியாக வரும். நிக்கானின் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கான (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் கேமராக்கள்) எஃப் மவுண்ட் வருவதற்கு முன்பே, 1950களின் முற்பகுதியில், நிக்கானின் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கு 10.5 செ.மீ. எஃப் 2.5 லென்ஸ் ஒன்று இருந்தது. லைக்கா திருகு மவுண்டிலும் அது வந்தது. எஃப் மவுண்டின் முதல் 105, கண்ணாடி வழியில் இதன் பிள்ளைதான். ஆனால் அந்த ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் எந்த எஸ்.எல்.ஆர். கேமராவிலும் நேராக ஏறாது. அதன் முன்வளையத்தில் பி.சி. என்று பொறித்திருப்பதைப் பார்த்து 'மல்ட்டி கோட்டிங் உள்ள பின்காலத்து லென்ஸ்' என்று விளம்பரம் போடுகிறவர்கள் உண்டு. அது தவறு. 1950களில் சி என்றால் கோட்டிங் போட்டது என்று மட்டுமே பொருள், அதுவும் ஒற்றைப் பூச்சு. 1970களில் அதே எழுத்து பல அடுக்குப் பூச்சைக் குறித்தது. ஒரே எழுத்துக்கு இரு காலத்தில் இரு பொருள். மவுண்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுத்தைப் படிக்க வேண்டும்.

ஃபோகஸ் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள்

இனி எஃப் மவுண்ட் லென்ஸ்களை மட்டும் பார்ப்போம். ஃபோகஸ் வளையத்தில் ரப்பர் இருக்கிறதா, முழுக்க உலோகமா?

ரப்பர் இருந்தால் உள்ளே இருப்பது 1971க்குப் பிந்தைய கண்ணாடி. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ரப்பர் வளையம் 1975 வாக்கில்தான் வந்தது. அதற்குள் பழைய கண்ணாடி வழக்கொழிந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. கண்ணாடி பற்றிய கேள்வி அங்கேயே முடிந்தது. நேராக மவுண்ட் பகுதிக்குப் போய்விடலாம்.

மேடும் பள்ளமுமாக வெட்டிய உலோக வளையம் என்றால் அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். 1959இலும் உலோக வளையம், 1973இலும் உலோக வளையம். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும்.

முன்வளையத்து எழுத்துகள்

அந்தக் காலத்து நிக்கோர் லென்ஸ்களில் பெயருக்குப் பின் வரும் ஒற்றை எழுத்து, உள்ளே எத்தனை கண்ணாடிகள் என்பதைச் சொல்லும். கிரேக்க, லத்தீன் எண்ணுப்பெயர்களின் முதலெழுத்து அது. பி என்றால் பென்டா, அதாவது ஐந்து. கியூ என்றால் நான்கு, எச் என்றால் ஆறு. நம் லென்ஸில் கண்ணாடி அமைப்பு மாறியபோதும் எண்ணிக்கை ஐந்தாகவே இருந்தது. அதனால் எழுத்தும் பி என்றே நின்றுவிட்டது. இத்தனை குழப்பத்துக்கும் வேர் இதுதான். பி என்ற எழுத்து ஐந்து கண்ணாடி என்று சொல்கிறதே தவிர, எந்த ஐந்து என்று சொல்வதில்லை.

ஆக எஃப் மவுண்ட் லென்ஸில் எழுத்துகளை இப்படிப் படிக்கலாம். நிக்கோர்-பி என்று இருந்து, 10.5 செ.மீ. என்று சென்டிமீட்டரில் அளவு போட்டிருந்தால் அது மிகப் பழைய தொகுதி, பழைய கண்ணாடி. நிக்கோர்-பி.சி. ஆட்டோ என்று இருந்தால் 1973 வாக்கில் வந்தது, புதிய கண்ணாடி, பல அடுக்குக் கோட்டிங். எழுத்தே இல்லாமல் வெறுமனே நிக்கோர் 105 மி.மீ. 1:2.5 என்று இருந்தால் 1975க்குப் பிந்தியது, புதிய கண்ணாடி.

மிஞ்சுவது ஒன்றுதான்: நிக்கோர்-பி ஆட்டோ, 105 மி.மீ., சி இல்லை. இந்த ஒரு பொறிப்பின்கீழ் இரு கண்ணாடிகளும் வந்திருக்கின்றன. 'நிப்பான் கோகாகு' என்ற பழைய நிறுவனப் பெயர் இருந்தால் பழைய கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. முன்வளையம் ஒரு திருகில் கழன்று வரும் பொருள். ஐம்பது ஆண்டுகளில் எத்தனை பழுதுபார்ப்பவர் கைகளில் அது புகுந்து வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பழுதான லென்ஸ்களைச் சேர்த்து ஒரு நல்ல லென்ஸ் ஆக்குவது அந்தத் தொழிலில் சாதாரணம். முன்வளையம் ஒன்றிலிருந்தும் கண்ணாடி மற்றதிலிருந்தும் வந்திருக்கலாம்.

பின்கண்ணாடி: பொய் சொல்லாத சாட்சி

பின்மூடியைக் கழற்றுங்கள். ஃபோகஸை முடிவிலியில் வையுங்கள். லென்ஸைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

பழைய வகையில் பின்கண்ணாடி சிறியது. அதைச் சுற்றி அகலமான கறுப்பு வளையம் தெரியும். புதிய வகையில் பின்கண்ணாடி பெரியது. மவுண்டின் வாயை அதுவே பெருமளவு நிரப்பியிருக்கும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் பிறகு வாழ்நாளில் குழம்ப மாட்டார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'இது பெரியதா, சிறியதா' என்று தடுமாறினால், ரப்பர் வளையம் உள்ள ஏதாவது ஒரு 105 எஃப் 2.5இன் பின்பக்கப் படத்தை இணையத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ரப்பர் வளையம் என்றால் புதிய கண்ணாடி என்பது உறுதி, அதனால் அதை அளவுகோலாக நம்பலாம்.

இந்த வேறுபாடு ஏன் என்று தெரிந்தால் மறக்காது. பழையது சோனார் வகை. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்டெலே உருவாக்கிய அமைப்பின் வழிவந்தது. ஐந்து கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக இருக்கும். முன்னால் தனிக் கண்ணாடி ஒன்று, நடுவில் மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த கனத்த தொகுதி ஒன்று, பின்னால் தனிக் கண்ணாடி ஒன்று. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் ஆறு மட்டுமே. கோட்டிங் அவ்வளவு வளராத காலத்தில் இது பெரிய லாபம். பரப்பு குறைந்தால் உள்ளே தெறிக்கும் ஒளி குறையும், படத்தில் கறுப்பு கறுப்பாக நிற்கும்.

புதியது காஸ் வகையைச் சேர்ந்தது. அதே ஐந்து கண்ணாடிகள், ஆனால் நான்கு தொகுதிகள். தனி ஒன்று, ஒட்டிய இரண்டு, பிறகு தனித்தனியே இரண்டு. பரப்புகள் எட்டாகிவிடுகின்றன. கோட்டிங் முன்னேறிய பிறகு அந்தக் கூடுதல் இரண்டு பரப்புகள் பாரமாக இல்லை. பதிலாக, நெருங்கிய தூரத்தில் படம் இளகிப் போகும் சோனாரின் குறை இதில் குறைந்தது. முகப்படம் என்பதே நெருங்கி எடுப்பதுதான் என்பதால் நிக்கானுக்கு இந்த மாற்றம் தேவைப்பட்டது.

பரப்புகளின் எண்ணிக்கையை வைத்தே இன்னொரு சோதனையும் செய்யலாம். இருட்டறையில் லென்ஸை மேசைமேல் முகம் மேலே பார்க்க வையுங்கள். அபர்ச்சரை 2.5இல் வையுங்கள். கேமராவில் மாட்டாத நிலையில் அபர்ச்சர் இதழ்கள் வளையத்தில் வைத்த அளவுக்கு மூடியே இருக்கும் என்பதால் இதை மறக்கக் கூடாது. சின்ன டார்ச் ஒன்றைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து மெல்ல அசையுங்கள். உள்ளே வரிசையாக ஒளிப்புள்ளிகள் தெரியும், டார்ச்சோடு சேர்ந்து நகரும். பளிச்சென்றவை ஆறு என்றால் சோனார், எட்டு என்றால் காஸ். ஒட்டிய பரப்புகளிலிருந்து வரும் புள்ளிகள் மிக மங்கலாக இருக்கும், அவற்றை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகத் தெரிவதுதான் இதில் நடக்கும் தவறு. டார்ச்சைப் பல கோணங்களில் அசைத்து, மூன்று முறை எண்ணிப் பாருங்கள். பின்கண்ணாடிச் சோதனை போதும் என்றாலும், கண்ணாடி மாற்றிச் சேர்த்ததோ என்று ஐயம் வந்தால் இது கை கொடுக்கும்.

அதே டார்ச் வெளிச்சத்தில் நிறங்களையும் கவனியுங்கள். ஒற்றைப் பூச்சு உள்ளவற்றில் வெளிர்நீலமும் வைக்கோல் நிறமும் தெரியும். பல அடுக்குப் பூச்சில் அவற்றோடு பச்சை கலந்து வரும். சி இல்லாத பி ஆட்டோவில் பச்சை தெரிந்தால் முன்வளையம் மாறியிருக்கிறதோ என்று கேட்டுப் பாருங்கள்.

மவுண்ட்: கேமராவை உடைக்குமா, உடைக்காதா

கண்ணாடி தெரிந்துவிட்டது. இனி அபர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பு, அதாவது கேமரா உடலைத் தொடும் விளிம்பு.

1977க்கு முந்தைய லென்ஸில் அந்த விளிம்பு வெட்டு எதுவும் இல்லாமல் முழுவட்டமாக ஓடும். அந்த ஆண்டு வந்த ஏ.ஐ. (ஆட்டோமேட்டிக் இண்டெக்ஸிங்) முறையில் விளிம்பின் பெரும்பகுதி உள்வாங்கி, ஒரு பகுதி மட்டும் மேடாக நிற்கும். அந்த மேட்டின் நுனிதான் கேமராவின் வாய்ப்பகுதியில் உள்ள சிறு நெம்புகோலைத் தள்ளி, எந்த அபர்ச்சர் வைத்திருக்கிறீர்கள் என்று கேமராவுக்குச் சொல்கிறது. ஏ.ஐ. வளையத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு. அபர்ச்சர் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும். பெரிய எண்கள் ஒரு வரிசை, மவுண்டை ஒட்டிப் பொடி எண்கள் ஒரு வரிசை. பொடி எண்கள் வியூஃபைண்டர் வழியாகப் படிப்பதற்காக வைத்தவை.

வளையத்தின்மேல் திருகி வைத்திருக்கும் இரு கொம்புள்ள உலோகத் துண்டை 'முயல் காது' என்பார்கள். எஃப் 5.6 எண்ணுக்கு நேராக அது நிற்கும். பழைய ஃபோட்டோமிக் மீட்டர்களும் நிக்கோர்மேட் கேமராக்களும் இதைப் பிடித்துத்தான் அபர்ச்சரை அறியும். ஏ.ஐ. லென்ஸ்களில் இந்தக் காதில் இரண்டு துளைகள் இருக்கும், பொடி எண்கள்மேல் வெளிச்சம் விழுவதற்காக. பழையவற்றில் காது துளையின்றி இருக்கும். ஆனால் காது இரண்டே திருகில் கழல்வது. அதை வைத்து முடிவுகட்டாதீர்கள். விளிம்பைப் பாருங்கள்.

இதில் அலட்சியம் காட்டினால் பணம் போகும். வெட்டில்லாத முழுவிளிம்பு லென்ஸை, நெம்புகோல் அசையாமல் நிலைத்திருக்கும் கேமராவில் திருகினால், விளிம்பு நெம்புகோலின் மேல் ஏறி அழுத்தும். கையில் தடை தெரியும். 'பழைய லென்ஸ், கொஞ்சம் இறுக்கம்' என்று நினைத்துச் சற்று அழுத்தித் திருகினால் நெம்புகோல் வளையும் அல்லது உடையும். எஃப்.எம்.2, எஃப்.இ.2, எஃப்.ஏ. ஆகிய ஃபிலிம் கேமராக்களிலும், டி200, டி300, டி700, டி7000, டி750, டி850 போன்ற டிஜிட்டல் கேமராக்களிலும் இந்த ஆபத்து உண்டு.

எஃப்.எம்., எஃப்.இ., எஃப்3 கேமராக்களில் நெம்புகோலை மடக்கி ஒதுக்கலாம். டிஜிட்டலில் டி.எஃப். மாதிரிக்கும் அந்த வசதி உண்டு. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் நெம்புகோலே இல்லை. பழைய லென்ஸ் தடையின்றி ஏறும், ஆனால் மீட்டர் வேலை செய்யாது, ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்க வேண்டும். மிரர்லெஸ் கேமராவில் மின்தொடர்பில்லாத எளிய அடாப்டர் போட்டால் எல்லா வகையும் ஓடும். கேமராவில் இல்லாதபோது இதழ்கள் வளையம் சொன்னபடி மூடிக்கொள்ளும் லென்ஸ் இது என்பதால் அபர்ச்சரும் அதன் போக்கில் இயங்கும். சோனார் கண்ணாடிமேல் ஆசை உள்ளவர்களுக்கு இதுவே மிகச் சிக்கனமான வழி.

நிக்கோர்மேட் எஃப்.டி.என். அல்லது எஃப் ஃபோட்டோமிக் எஃப்.டி.என். வைத்திருப்பவர்கள் முயல் காது இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். லென்ஸை எஃப் 5.6இல் வைத்துப் பொருத்தி, உடனே வளையத்தை ஒரு கோடி முதல் மறுகோடி வரை திருப்ப வேண்டும். அப்போதுதான் அந்த லென்ஸின் அதிகபட்சத் திறப்பு எவ்வளவு என்று கேமரா பதித்துக்கொள்ளும். திருப்ப மறந்தால் மீட்டர் தவறாகக் காட்டும்.

மாற்றியமைத்த வளையங்கள்

1977க்குப் பிறகு பழைய லென்ஸ்களுக்கு நிக்கானே புதிய அபர்ச்சர் வளையம் மாற்றிக் கொடுத்தது. அப்படி மாற்றியவை இன்று பொக்கிஷம். சோனார் கண்ணாடியும் ஏ.ஐ. வளையமும் சேர்ந்த லென்ஸ் இப்படித்தான் உருவாகிறது. இரண்டு வரிசை எண்கள், சுத்தமான மேடு, தேய்ப்புத் தடம் எதுவும் இல்லை என்றால் அது நிறுவன வளையம். முன்வளையம் பி ஆட்டோ என்று சொல்ல, பின்வளையம் ஏ.ஐ. என்று சொல்ல, இரண்டுமே உண்மையாக இருக்கும். 'ஏ.ஐ. லென்ஸ், ஆகவே புதிய கண்ணாடி' என்று வாங்கியவர் வீட்டுக்கு வந்து பின்கண்ணாடியைப் பார்த்து விழிப்பது இங்கேதான்.

இன்னொரு வகை, பட்டறையில் அரம் வைத்து ராவியது. எண்கள் ஒரே வரிசைதான் இருக்கும். ராவிய இடத்தில் கறுப்புப் பூச்சு போய் வெள்ளை உலோகம் பளபளக்கும், அல்லது மேலே கறுப்பு மை பூசியிருப்பார்கள். நன்றாகச் செய்திருந்தால் குறை சொல்ல எதுவுமில்லை. ராவலை நிறுத்திய இடம் தவறினால் மீட்டர் எப்போதும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ காட்டும். சோதிப்பது எளிது. கேமராவை முக்காலியில் வைத்து, ஒரே சீரான வெளிச்சமுள்ள சுவரை நோக்கி, சரியென்று தெரிந்த ஒரு ஏ.ஐ. லென்ஸில் எஃப் 5.6 வைத்து ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த லென்ஸில் அதே எஃப் 5.6. நினைவக வசதியுள்ள டிஜிட்டல் கேமராவானால் 105 மி.மீ., எஃப் 2.5 என்ற விவரங்களைச் சரியாகப் பதிந்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வேகமும் ஒத்துப்போனால் நல்லது. ஒரே அளவில் விலகினால் ஐ.எஸ்.ஓ. திருத்தத்தால் சமாளிக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக விலகினால் வளையமே ஆடுகிறது என்று பொருள். அதை விட்டுவிடுங்கள்.

ராவிய துகள் உள்ளே விழுந்திருக்கவும் கூடும். வளையத்தைக் கழற்றாமல் அரம் போட்டவர் கையில் சிக்கிய லென்ஸில், ஃபோகஸ் திருப்பும்போது மணல் நெரிவது போன்ற உணர்வு வரும்.

ஏ.ஐ., ஏ.ஐ-எஸ்.

இந்த இரண்டையும் பிரிப்பது சுலபம். ஏ.ஐ-எஸ். என்பது ஏ.ஐ.க்கு அடுத்த வடிவம், 1981இல் வந்தது. முன்னால் இழுத்தால் நீளும் ஹூட் (பக்கத்து வெளிச்சத்தை மறைக்கும் குழல்) லென்ஸோடு சேர்ந்தே இருக்கும். ஏ.ஐ. லென்ஸுக்கு ஹூட் தனியாக மாட்ட வேண்டும். ஏ.ஐ-எஸ்.ஸில் மிகச் சிறிய அபர்ச்சரான 22, பெரிய வரிசையிலும் பொடி வரிசையிலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மவுண்டின் பளபளப்பான முகத்தில், பூட்டு ஊசி விழும் துளையைத் தவிர, கரண்டியால் வழித்தது போன்ற ஆழமற்ற பள்ளம் ஒன்றும் இருக்கும். ஆரஞ்சு 22ஐ யாராவது பெயிண்ட் அடித்து உருவாக்கலாம், அந்தப் பள்ளத்தை அப்படி உருவாக்க முடியாது.

கண்ணாடி அமைப்பு இரண்டிலும் ஒன்றே. ஏ.ஐ-எஸ்.ஸுக்கு மிக அதிக விலை கேட்டால் அந்தப் பணம் ஹூட்டுக்கும் வயது குறைவுக்கும்தான் போகிறது. சுத்தமான ஏ.ஐ. கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

ஸ்டீவ் மெக்கரி 1984இல் எடுத்து, 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் படம் இந்த லென்ஸில் எடுத்தது என்பது பலருக்கும் தெரியும். அதனால் எந்த 105ஐ விற்பவரும் அந்தப் படத்தின் பெயரைச் சொல்கிறார். அவர் பயன்படுத்தியது எஃப்.எம்.2 கேமரா. நெம்புகோல் நிலைத்திருக்கும் உடல் அது. மாற்றியமைக்காத 1960களின் சோனார் அதில் ஏறியிருக்கவே முடியாது. அது ஏ.ஐ-எஸ்., அதாவது காஸ் கண்ணாடி. சோனாருக்கு அதற்கென்று தனி அழகு உண்டு, இரவல் புகழ் அதற்குத் தேவையில்லை.

இணையத்தில் வாங்கும்போது

விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள். முன்வளையத்து எழுத்துகள் படிக்கும்படி நேராக ஒன்று. பின்மூடி இல்லாமல் பின்கண்ணாடி நேராக ஒன்று. அபர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பு தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று. கடைசியாக, லென்ஸின் பின்னால் டார்ச் பிடித்து முன்னாலிருந்து எடுத்தது ஒன்று. சாய்வாக, மேசைத் துணியோடு, அழகாக எடுத்த படங்களால் பயனில்லை. இரண்டாம் படத்தைத் தர மறுப்பவரிடம் பி ஆட்டோ வாங்க வேண்டாம்.

வகைக்கேற்ற நோய்கள்

எல்லா வகைக்கும் பொதுவானது இதழ்களில் எண்ணெய். ஃபோகஸ் திருகில் போட்ட கிரீஸ் வெயிலில் இளகி இதழ்களுக்குப் பரவும். அபர்ச்சரை 22இல் வைத்து, பின்னால் உள்ள சிறு நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள். இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால், படம் எடுக்கும்போது ஷட்டர் முந்திக்கொள்ளும், எஃப் 8இல் எடுத்த படமெல்லாம் வெளுத்துப் போகும். எஃப் 2.5இல் மட்டும் சரியாக இருக்கும். 'லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, மீட்டர்தான் கோளாறு' என்று பலர் தவறாக நினைப்பது இதனால்தான்.

சோனாரில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது ஒட்டுப் பிரிவு. மூன்று கண்ணாடிகளை ஒட்டிய பசை விளிம்பிலிருந்து விடத் தொடங்கினால் வானவில் நிறக் கோடுகளோ, நீர்க்குமிழி போன்ற வெள்ளைத் திட்டோ தெரியும். இதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. பிரித்து மறுபடி ஒட்டுவதற்கு ஆகும் செலவில் இன்னொரு லென்ஸே வாங்கிவிடலாம். ஏ.ஐ-எஸ்.ஸில் ஹூட் தளர்ந்து, லென்ஸைக் கவிழ்த்தால் தானாக இறங்கும். படத்துக்கு அதனால் கேடில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பூஞ்சை எல்லோருக்கும் பொது எதிரி. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பீரோவில் தோல் உறைக்குள் கிடந்த லென்ஸ் என்றால் கட்டாயம் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைவிட்ட கோடுகள் விளிம்பிலிருந்து உள்நோக்கி வரும். முன்கண்ணாடியின் உட்பரப்பில் மட்டும் இருந்தால் சுத்தம் செய்யலாம். ஒட்டுக்குள் புகுந்திருந்தால் வேண்டாம். வாங்கிய பிறகு தோல் உறையைத் தூக்கிப் போடுங்கள். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வது அதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும், ஒரேயடியாக உலர்த்தினால் கிரீஸ் இறுகும்.

படத்தில் என்ன வேறுபாடு?

எஃப் 5.6இல் மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஆளை எடுத்தால் இரண்டு கண்ணாடிகளையும் பிரித்துச் சொல்வது கடினம். வேறுபாடு தெரிவது எஃப் 2.5இல், லென்ஸ் ஃபோகஸ் ஆகும் மிக நெருங்கிய தூரத்தில். காஸ் அங்கேயும் இமை மயிரைத் தனித்தனியாகக் காட்டும். சோனார் தோலைச் சற்று மெத்தென்று வரையும், ஓரங்கள் இளகும். வெயிலுக்கு எதிரே எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பல அடுக்குக் கோட்டிங் உள்ள பி.சி. ஆட்டோவோ அதற்குப் பிந்தையதோ ஏற்றது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வயதானவர்களின் முகம் எடுப்பவர்களுக்குச் சோனாரைச் சொல்லலாம். ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்கப் போகிறீர்கள், எல்லாவற்றுக்கும் அது வேண்டும் என்றால் ரப்பர் வளையமுள்ள ஏ.ஐ.

வாங்கி வந்த அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, கேமராவை முக்காலியில் நேராக நிறுத்தி, லென்ஸ் ஃபோகஸ் ஆகும் மிக நெருங்கிய தூரத்திலும் மூன்று மீட்டரிலும் எஃப் 2.5, எஃப் 4, எஃப் 5.6இல் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஃபோகஸ் செய்யுங்கள். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் எஃப் 5.6இலும் தெளியாமல் இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. யாரோ கழற்றி மாட்டியதன் அடையாளம் அது. நான்கு மூலையும் ஒன்றுபோல் எஃப் 2.5இல் இளகி, எஃப் 5.6இல் தெளிந்தால் லென்ஸ் நலமாக இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும்.